கோபக்கார அம்மாவின் சைக்கிள்

கோபப்படாமல் அந்த அம்மா எங்கள் கடைக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் மேல் கோபம், ரோட்டைத் தோண்டிப்போட்டு மூடாமல் போனவர்கள் மேல் கோபம், விடியற்காலையிலேயே அலறுகிற கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் மேல் கோபம். வாசலில் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டைக் காலால் உதைக்கிற சத்தத்திலேயே இன்றைக்குக் கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரர் ஏதோ டியூப் எடுக்கப் போகிறவர் மாதிரி உள்ளே போய்விடுவார். நான் போக மாட்டேன். நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விழுங்கியதையெல்லாம் அந்த அம்மா வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகிற சாலையில் எங்கள் கடை இருக்கிறது. விற்பனையை என் வீட்டுக்காரர் பார்ப்பார், ஸ்பேனர் பிடிப்பது நான். கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா இருக்க முடியாமல் ஒரு பஞ்சர் ஒட்டினேன். அதிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா?" என்பார்கள். ஒருமுறை அந்த அம்மா இருக்கும்போது ஒருவர் அப்படிக் கேட்டார். நான் வழக்கம்போல என் வீட்டுக்காரரைக் கூப்பிடத் திரும்பினேன். அந்த அம்மா விடவில்லை.

"கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருக்கு. அது என்ன கோலம் போட வந்திருக்கா? உங்க கண்ணுக்கு மீசை இருந்தாத்தான் மெக்கானிக்கா?"

மெக்கானிக்கைக் கேட்டவர் சைக்கிளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். நான் அன்று அந்தச் சைக்கிளுக்குத் தேவைக்கு மேல் எண்ணெய் விட்டேன்.

முதல் தடவை வந்தது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும். வெயில் ஏறிய நேரம், ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், பிளாஸ்டிக் உறைகூடச் சரியாகக் கழற்றாத புதுசு. சென்னையில் இருக்கிற மகள், அப்பா அம்மா கல்யாண நாளுக்கு ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. ஜோடியாகப் போய் வாருங்கள் என்று வாழ்த்து அட்டை வேறு கட்டியிருந்தது. ஐயா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல உயரம். அவருக்கு சர்க்கரை. மெதுவாக சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு அந்த சைக்கிள் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அந்த அம்மா என் தோளுக்கு வருவார். சீட்டில் உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையைத் தொட்டது. ஹேண்டில்பாரைப் பிடிக்க முன்னால் கவிழ வேண்டியிருந்தது. பிரேக் பிடிக்க விரலே எட்டவில்லை.

"இதை எவன் அளவுக்குச் செஞ்சிருக்காங்கன்னு பாத்துச் சொல்லு தாயி," என்றார் என்னிடம்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, ஐயாவைப் பார்த்து, "அண்ணே, அம்மாவுக்கு சீட்டை இறக்கிட்டாப் போதும். மத்தது போகப் போகப் பழகிரும்," என்றார்.

"என் கையைப் பத்தி எதுக்கு அவருகிட்டச் சொல்றீங்க? கை என்கிட்டல்ல இருக்கு. பழகிரும்னா எப்படி, என் விரலு வளந்துருமா?"

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஊரே பேசுகிற மாதிரி அவரும் பேசினார், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அந்த 'அவ்வளவுதான்' என்பதுதான் ஆகாது. முதுகு வலிக்கிறது என்று மகளிடம் போனில் சொன்னபோது, பழகிவிடும் என்றாளாம். எதிர்வீட்டுக்காரர், பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்காரர், எல்லாரும் அதையே சொன்னார்களாம். ஐயா மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு சைக்கிளையும் வெளியே எடுத்துவைத்தாராம்.

நான் பிரேக் பிடியைப் பார்த்தேன். அது கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருக்கினால் பிடி உள்ளே வரும், சின்னக் கைக்கும் எட்டும். திருக்கிக் காட்டினேன். அந்த அம்மா விரலை மடக்கிப் பார்த்தார், எட்டியது. இன்னொரு முறை பார்த்தார். முகம் மலரும் என்று நினைத்தேன். சிவந்துவிட்டது.

"அப்ப சின்னக் கைக்காரங்களும் ஓட்டுவாங்கன்னு செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு ஒரு ஸ்க்ரூவும் வச்சிருக்கான். நடுவுல இத்தனை பேரு பாத்தாங்க, ஒருத்தனுக்கும் அதைத் திருப்ப மனசு வரல. பிரேக் பிடிக்க முடியாம நான் லாரிக்குள்ள போயிருந்தா, பொம்பளைக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க."

நான் சீட்டை இறக்கினேன், முன்னால் தள்ளினேன், ஹேண்டிலை ஏற்றினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. "அம்மா, இது உங்க அளவு இல்ல. எம்புட்டுச் சரிபண்ணாலும் பெரிசாத்தான் இருக்கும்," என்றேன். அதற்கும் வைவார் என்று எதிர்பார்த்தேன். "நீ ஒருத்திதான் உள்ளதைச் சொன்ன," என்றார். அதைக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் முன்கூடை வைத்து, பூப்போட்டு, ரோஸ் நிறத்தில் இருந்த ஒன்றை உருட்டி வந்தார். அந்த அம்மா அதை ஒரு பார்வை பார்த்த பார்வையில் அவரே திரும்ப உருட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் பையன்கள் ஓட்டுகிற சின்ன அளவில் கரும்பச்சை ஒன்று பிடித்துப்போனது. பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வலை போடட்டுமா என்று கேட்டேன்.

"சேலை கட்டுனாத்தான வலை. நான் சுடிதார் தைக்கக் குடுத்துட்டேன்."

மறுவாரத்திலிருந்து காலையில் இரண்டு பேரும் கடை வழியாகப் போவார்கள். பசுமலை தாண்டி விளாச்சேரி, சில நாள் கீழக்குயில்குடி வரைக்கும். தாமரைக்குளத்துப் படியில் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அந்த அம்மாவுக்கு இல்லை.

"இவரு விர்ருன்னு போயிர்றாரு. முக்குக்கு முக்கு எறங்கி நின்னுக்கிறாரு. நான் மூச்சிரைக்க வந்து சேந்தா, வா வான்னு திரும்ப ஏறிப் போயிர்றாரு. அவரு நின்னு இளைப்பாறிக்கிறாரு, எனக்கு இளைப்பாற நேரமே இல்ல."

"உனக்காகத்தான நிக்கிறேன்," என்றார் ஐயா.

"நின்னு காத்திருக்கிறது கூடப் போறது ஆகாது. பஸ் ஸ்டாப்புலகூடத்தான் எனக்காக பஸ்ஸு நிக்குது. நானும் பஸ்ஸும் சோடியாவா போறோம்?"

அதை அவர் பாதிதான் கேட்டிருப்பார். பேருந்து ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் இஞ்சின் இரையும். இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது அரைகுறை. பின்னாலிருந்து அந்த அம்மா பெல் அடித்தால் அவருக்குக் கேட்காது. கூப்பிட்டாலும் கேட்காது. விழுந்து கிடந்தால்கூட அடுத்த முக்கில்தான் தெரியும்.

ஐயாவின் சைக்கிளில் முன்பக்கத்துப் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினேன், அதே மிதிக்கு வண்டி கொஞ்சம்தான் நகரும். ஹேண்டிலை உயர்த்தி, நிமிர்ந்து உட்காருகிற மாதிரி செய்தேன். குனிந்து உட்கார்ந்தால்தானே வேகம் வரும். வலது கைப்பிடியில் வட்டக் கண்ணாடி ஒன்று பொருத்தினேன். அதை வெறுமே முடுக்கிவிட முடியவில்லை. ஐயா ஏறி உட்கார, அந்த அம்மா பின்னால் சைக்கிளில் நிற்க, கண்ணாடியை அங்கே இங்கே திருப்பி அந்த அம்மாவின் முகம் அதில் நடுவில் விழுகிற வரைக்கும் நிறுத்தினேன்.

"தெரியுதாய்யா?"

"தெரியுது. கோவமா இருக்கா," என்றார் ஐயா.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, கேரியர் ஆடுகிறது என்று என்னைத் திட்டினார்.

அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை புழுத்த பருப்பு வந்ததாம். அதை இறக்க விடாமல் வண்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். பருப்பு திரும்பிப் போனது. அடுத்த மாதம் அவருக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு மாற்றல் வந்தது. இதைச் சொன்னவர் ஐயா. சொல்லும்போது அவருக்குப் பெருமையா, அலுப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அலுப்பும் இருந்திருக்கும். அந்தக் கோபம் எல்லா நேரமும் நியாயமாகவே விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருநாள் கடைக்கு எதிரே மேட்டில் அந்த அம்மா திணறிக்கொண்டிருந்தபோது, கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் ஓடிவந்து கேரியரைப் பிடித்துத் தள்ளினான். "நான் கேட்டனா?" என்று அவனைப் பிடித்த பிடியில் அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. ஐயா அவனைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பினார். சொந்த மகளே ஞாயிற்றுக்கிழமை தவிர போன் எடுப்பதில்லை என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஊர் பேசியதைக் கேட்டால் எனக்கே கை பரபரக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "காலேஜு சோடி போகுது பாருங்கடா," என்பார்கள். பூ விற்கிற பெண்கூட, இந்த வயசில் எதுக்கு என்று என்னிடம் கேட்டாள். எல்லாரையும் விட மோசம் ஐயாவின் தம்பி. செக்கானூரணி பக்கத்தில் தோட்டம் துரவு என்று இருக்கிறவர். ஒருநாள் எங்கள் கடை வாசலில் வைத்தே இவர்களைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மதினி, பேரன் பேத்தி எடுத்த வயசுல சுடிதாரப் போட்டுக்கிட்டு ரோட்டுல போறீக. ஊருல என்னைக் கேக்குறான். நான் என்னன்னு பதில் சொல்ல?"

"உங்கண்ணன் பேண்டு போட்டுப் போறாரு, அதை எவனாவது கேட்டானா?"

"அவரு ஆம்பள."

"எனக்கும் அவருக்கும் இருக்கிறது ரெண்டு காலுதான தம்பி. மூணாவதா ஒண்ணு இருந்தா நானும் வீட்டுலயே கெடக்கேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் கீழக்குயில்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பசுமலை தாண்டி, ரோட்டோரம் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. ஐயா அதைக் கடக்கிற நேரத்தில் காருக்குள்ளிருந்த ஆள் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் கதவைத் திறந்தார். ஐயா கதவு மேலேயே விழுந்து அந்தப் பக்கம் உருண்டார். இடது தோள் எலும்பு முறிந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் முதலில் சொன்ன வார்த்தை, "பெல் அடிச்சு வர வேண்டியதுதான?" என்பது. இரண்டாவது, "இந்த வயசுல ரோட்டுல உங்களுக்கு என்ன வேலை?" கூடிய கூட்டத்தில் நாலு பேர், பெரியவர் வீட்டில் இருந்திருக்கலாம் என்றார்கள். ஒருவர் கார்க்கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாராம். சேதி கேட்டு என் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு போய் இரண்டு சைக்கிளையும் கடைக்குக் கொண்டுவந்தார். நான் பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வராந்தாவில் தம்பியும், அவருடைய உறவுக்காரர்கள் சிலரும் நின்றார்கள். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுடிதாரில் ஐயாவின் ரத்தம் இருந்தது.

"அவரு பாட்டுக்கு வீட்டுல இருந்த மனுசன். கூட்டிட்டுப் போயி சாய்ச்சுட்டீகளே மதினி," என்றார் தம்பி. "காதும் கேக்காது. அதுல ஒரு கண்ணாடியை வேற மாட்டி விட்டுருக்கீக. முன்னாடி பாத்து ஓட்டுவாரா, உங்க மூஞ்சியப் பாத்து ஓட்டுவாரா?"

நான் காத்திருந்தேன். இந்தா, இப்போது வெடிக்கும் என்று நின்றேன். அந்த அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். போனில் மகள் கூப்பிட்டாள். "ஏம்மா உனக்கு இந்தப் பிடிவாதம்?" என்று அவள் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "சரிம்மா," என்றார் அந்த அம்மா. ஒரு நர்ஸ், பாட்டி கொஞ்சம் தள்ளி உட்காருங்க, என்றார். தள்ளி உட்கார்ந்தார்.

கதவைத் திறந்த ஆள் எங்கே? அவரைப் பற்றி அந்த வராந்தாவில் ஒருவரும் பேசவில்லை. அவர் காப்பிகூடக் குடித்துவிட்டு வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இங்கே விழாதவர், தள்ளாதவர், பின்னால் பெல் அடித்துக்கொண்டு வந்தவர் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போனபிறகு கேட்டேன்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லாம இருந்தீங்க?"

"நாந்தான தாயி, கூடப் போகணும் கூடப் போகணும்னு கேட்டேன்," என்றார். பிறகு அறைக்கதவைக் காட்டினார். "கதவு தொறந்து கெடக்கு. என் சத்தம் அவருக்குக் கேக்காது. மூஞ்சி தெரியுமில்ல. வலியில கெடக்கிற மனுசன் அதைப் பாக்க வேணாம்."

கடைக்குத் திரும்பினேன். இரண்டு சைக்கிளையும் காணோம்.

"அவரு தம்பி லோடு ஆட்டோ கொண்டாந்தாரு. அண்ணன் எடுத்துட்டு வரச் சொன்னாருன்னாரு. குடுத்தனுப்பிட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுல ஒண்ணு அந்த அம்மாவோடது."

"கூடப்பொறந்த தம்பி வந்து கேக்கையில முடியாதுன்னா சொல்லச் சொல்ற? குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது என்னுது?"

அன்று நான் அவரோடு போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது. அந்த அம்மாவிடமிருந்து கோபம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

ஐயா வீட்டுக்கு வந்தபிறகு அந்த அம்மா கடைக்கு வந்தார். நடந்து வந்தார், சேலை கட்டியிருந்தார். சைக்கிள் எங்கே போனது என்று என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாலு வார்த்தை திட்டினால் அவருக்கே நிம்மதியாக இருந்திருக்கும். "சரிப்பா," என்றார் அந்த அம்மா. சிறிது நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். எதிரே லாரி ஒன்று அவரை ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. ஒதுங்கி நின்று வழி விட்டார். அந்த அம்மா ஒதுங்கி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

சில வாரம் கழித்து, கை இன்னும் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்க, ஐயா தனியாகக் கடைக்கு வந்தார்.

"செக்கானூரணி போகணும். நீயும் வாரியாம்மா? ஸ்பேனர் எடுத்துக்க. காத்தடிக்கிற பம்பும் எடுத்துக்க," என்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே பேசுவார். "அவளைப் பஸ் ஸ்டாப்புல நிக்கச் சொல்லிருக்கேன். எங்க போறோம்னு சொல்லல. சொன்னா வர மாட்டா."

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். தம்பியின் வீட்டில் பம்ப்செட் அறைச் சுவரில் ஐயாவின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அந்த அம்மாவின் கரும்பச்சையில் புல்லுக்கட்டு ஏற்றி வைத்திருந்தார்கள். நான் அதை அவிழ்த்து இறக்கப் போனேன்.

"இருங்க, இருங்க," என்று தம்பி ஓடிவந்தார். "அண்ணே, உன் நல்லதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன். மதினி, நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு எங்கண்ணன் உசுரு பெருசா, சைக்கிளு பெருசா?"

அந்த அம்மா வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா தம்பியின் வாயசைவைக் கவனமாகப் பார்த்தார். பிறகு ஒற்றைக் கையால் அவர் தோளைப் பிடித்தார்.

"கதவைத் தொறந்தானே ஒருத்தன், அவன் வீட்டுக்கு நீ போனியாடா?"

தம்பி ஏதோ சொன்னார்.

"போனியா, இல்லையா? அவன் காரைத் தூக்கிட்டு வந்தியா? இல்ல. என் பொண்டாட்டி சைக்கிளைத்தான தூக்கிட்டு வந்த. ரிட்டயர்டு ஆகிற அன்னைக்கு வரைக்கும் கண்ணாடி பாத்துத்தான் பஸ் ஓட்டுனேன். கண்ணாடி பாத்தா எனக்கு முன்னாடி தெரியாதாக்கும்? நான் நேராத்தான் பாத்துட்டு வந்தேன். கைக்கு நேரா கதவு வந்துச்சு. ஆஸ்பத்திரில நீ இவளை என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கல. இவ மூஞ்சில எழுதியிருந்துச்சு, படிச்சுக்கிட்டேன்."

அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். தம்பியின் மனைவிதான் வந்து புல்லுக்கட்டை இறக்கிவைத்தார். அவர் எங்களுக்கு மோர் கொடுத்தார். தம்பி தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தக் கார்க்காரரும் சொல்லவில்லை. இப்போதும் எங்கள் ரோட்டில்தான் போகிறார் வருகிறார். ஐயாவும் அம்மாவும் ஒரு வருஷம் போல இங்கே இருந்துவிட்டு மகளோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தவரின் காரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வராந்தா ஞாபகம் வருகிறது.

செக்கானூரணி முக்கில் ஒரு பெரிய ஆட்டோ பேசினோம். ஐயாவின் சைக்கிளை மேலே போட்டுக் கயிறு கட்டியதும் இடம் முடிந்துவிட்டது. இன்னொரு ஆட்டோ பார்க்கலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"என்னுதை நான் ஓட்டிட்டு வாரேன்."

யாரோ உயர்த்தி வைத்திருந்த சீட்டை நான் இறக்கிக் கொடுத்தேன், காற்றடித்தேன். கீழ்ப்பக்கம் சேலை செயினில் மாட்டாமல் இருக்க என் கைக்குட்டையால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஏறிக் கொஞ்ச தூரம் தடுமாறினார், பிறகு நேராகிவிட்டார். மதுரை ரோட்டில் சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. ஆட்டோக்காரர் அந்த அம்மாவைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"தாண்டாத. பின்னாடியே போ," என்றார் ஐயா.

"ஐயா, இம்புட்டு மெதுவாப் போனா வண்டி சூடாயிரும்."

"ஆகட்டும். நின்னு ஆறவிட்டுப் போவோம்."

அவர் ஆட்டோவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிற பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பொறு என்றும் போ என்றும் சைகை காட்டிக்கொண்டே வந்தார். அந்த ரூட்டில் அவர் ஓட்டியிருக்கிறார், ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஓரமாக, ஓரமாக, மண்ணில் இறங்கிவிடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தார். அந்தப் போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. முன்னெல்லாம் ரோட்டில் தனக்குள்ள இடத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்.

நாகமலை வந்தபோது எங்களைத் தாண்டி ஒரு கார் போனது. அந்த அம்மாவை உரசுகிற மாதிரிப் போய், கண்ணாடியை இறக்கி, "ஓரமாப் போ கெழவி, வீட்டுல கெடக்க முடியலையா?" என்று ஒருவன் கத்தினான். முன்னால் வேகத்தடையில் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கார் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மா சைக்கிளை நடு ரோட்டுக்குக் கொண்டுபோய்க் காருக்கு முன்னால் குறுக்காக நிறுத்தினார். ஒரு காலை ஊன்றி நின்று கையை நீட்டிப் பேச ஆரம்பித்தார். ஆட்டோவுக்குள் இருந்த எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கெழவி என்று கூப்பிட அவன் அம்மா சொல்லிக் கொடுத்தாளா என்பதில் தொடங்கி, ரோட்டை அவன் அப்பன் போட்டானா என்பது வழியாக, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லாமல் விட்டதெல்லாம் வந்தது. பின்னால் பஸ்கள் நின்றன. கார்க்காரன் கண்ணாடியை ஏற்றினான். அவர் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்லி மறுபடி ஆரம்பித்தார்.

ஐயா முன்னால் குனிந்து பார்த்தார். நீட்டிய கை அவருக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"வையிறாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாய்யா."

"நல்லா வையிறாளா?"

"நல்லா வையிறாங்கய்யா."

தொட்டிலில் தொங்கிய கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, ஐயா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். "இஞ்சினை அமத்திருப்பா," என்றார் ஆட்டோக்காரரிடம். "அவ முடிச்சுட்டு வரட்டும்."